புகார் சொல்லாமல் போனவர்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் போன் செய்து, "கம்ப்யூட்டர் பத்தி ஏதாவது பேசுங்க. ஆனா எல்லாருக்கும் புரியணும். இருபது நிமிஷத்தைத் தாண்டக் கூடாது, சாப்பாடு ஆறிடும்" என்றார். இப்போது கம்ப்யூட்டர் என்றாலே எல்லோரும் செயற்கை நுண்ணறிவு பற்றித்தான் கேட்கிறார்கள். அதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாரும் கேட்காத ஒரு விஷயத்தைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதன் பெயர் லாக்.

லாக் என்றதும் பூட்டு என்று நினைத்துவிடாதீர்கள். இது பதிவேடு. வெப்சைட்டை நடத்தும் கம்ப்யூட்டர்கள் தாங்கள் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் வரி வரியாக எழுதி வைக்கும் குறிப்பு. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் சிவில், மெக்கானிக்கல், வங்கி, வருவாய்த் துறை என்று இருப்பவர்கள். "நமக்கென்னப்பா இது" என்று தோன்றலாம். மின்கட்டணம் கட்டுகிறீர்கள், ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள், பிள்ளைக்கு விண்ணப்பம் போடுகிறீர்கள். எல்லாம் வெப்சைட்டில்தான். நடுவில் வெள்ளைத் திரை வந்து நின்றுபோனால், உங்களுக்கு நடந்தது யாருக்காவது தெரியவந்ததா என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். பாய்மரக் கப்பல் காலத்தில் கப்பலின் வேகத்தை அளக்க ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் போடுவார்கள். கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுகள் இருக்கும். மணல் கடிகாரத்தில் ஏறக்குறைய அரை நிமிஷம் ஓடுவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டிப் போகிறதோ அதுதான் வேகம். இன்றும் கப்பல் வேகத்தை 'நாட்' என்று சொல்வது அந்த முடிச்சால்தான். மரத்துண்டுக்கு ஆங்கிலத்தில் லாக். அந்த அளவை எழுதி வைத்த புத்தகம் லாக் புக்.

அந்தப் பழக்கம் கம்ப்யூட்டருக்கும் வந்தது. 1947 செப்டம்பர் 9ஆம் தேதி, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய மார்க் 2 இயந்திரத்தின் ரிலே ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியது. அங்கே வேலை செய்தவர்கள் பூச்சியை எடுத்து லாக் புக்கிலேயே டேப் போட்டு ஒட்டி, நேரம் எழுதி, பூச்சி கிடைத்த இடத்தையும் குறித்தார்கள். அந்தப் பக்கம் இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பிழைக்கு 'பக்', அதாவது பூச்சி, என்று சொல்வது அதற்கு முன்பே பொறியாளர்களிடையே இருந்த வழக்கம். அன்று நிஜமாகவே பூச்சி அகப்பட்டது, அவ்வளவுதான்.

எனக்கு அந்தப் பக்கத்தில் பிடித்தது பூச்சி இல்லை. எழுதிய முறை. எப்போது, எங்கே, என்ன என்ற மூன்றும் இருக்கின்றன. நம் லேபில் அப்சர்வேஷன் நோட்டு, ரெக்கார்டு நோட்டு என்று இரண்டு வைத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ரெக்கார்டு நோட்டு கையெழுத்துக்காக அழகாக எழுதியது. அப்சர்வேஷன் நோட்டுதான் நடந்ததை நடந்தபடி சொல்வது. லாக் என்பது கம்ப்யூட்டரின் அப்சர்வேஷன் நோட்டு.

1980களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் என்பவர் சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளை எழுதும்போது, அதோடு சிஸ்லாக் என்ற ஒரு முறையையும் உண்டாக்கினார். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தீவிர எண். 0 என்றால் மொத்த அமைப்பும் படுத்துவிட்டது. 3 என்றால் பிழை. 4 எச்சரிக்கை. 7 என்றால் நிரல் எழுதுபவர் தனக்காக எழுதிக்கொண்ட குறிப்பு. இந்த எட்டுப் படிகளும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கின்றன. 2009ல் இந்த முறைக்கு முறையான தர வரையறையும் வந்துவிட்டது.

ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தவரை இதில் சிக்கல் இல்லை. இன்று ஒரு சாதாரண வெப்சைட்டுக்குப் பின்னால்கூட நாலைந்து சர்வர்கள். பெரிய நிறுவனம் என்றால் ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் தனித்தனி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கல்வி நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

விண்ணப்பம் வாங்கும் கடைசி வாரம். வெப்சைட்டுக்கு மூன்று சர்வர்கள். வாசலில் ஓர் ஆள் நின்று, "நீங்க ஒண்ணாம் கவுண்டர், நீங்க ரெண்டு, நீங்க மூணு" என்று பிரித்து அனுப்புவதைப் போல, வருகிற கோரிக்கைகளை ஒரு கருவி மூன்றுக்கும் பிரித்து அனுப்பும். மூன்றாவது சர்வரின் டிஸ்க் நிரம்பிவிட்டது. அங்கே போன மாணவர் போட்டோவை ஏற்றினால் சேமிக்க இடமில்லை. வெறும் வெள்ளைப் பக்கம் வரும்.

அலுவலகத்தில் சோதித்துப் பார்த்தவருக்கு நன்றாகவே வந்தது. அவர் போனது முதல் சர்வருக்கு. முதல் இரண்டு சர்வர்களின் லாக்கைத் திறந்தார்கள், சுத்தம். "யாரோ நெட் சரியில்லாம சொல்றாங்க" என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் ஒரு பிரவுசிங் சென்டர்காரர் போன் செய்து, "சார், என் கடையில காலையிலேர்ந்து பாக்கிறேன். மூணு தடவைக்கு ஒரு தடவை வெள்ளையா வருது" என்றார். அந்த மனிதருக்கு ஒரு மாலை போட்டிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று என்றதும் விஷயம் புரிந்துவிட்டது.

பிறகு காரணத்தை ஆராய என்னைக் கூப்பிட்டார்கள். மூன்றாவது சர்வரின் லாக்கைத் திறந்தேன். அதில் ஒரு பிழைகூட இல்லை! ஏன் தெரியுமா? லாக் எழுதுவதும் அதே டிஸ்க்கில்தான். டிஸ்க் நிரம்பியதும் லாக்கும் நின்றுவிட்டது. இரண்டு நாளுக்கு முன் ஒரு வரியோடு நோட்டு முடிந்திருந்தது.

விண்ணப்பத் தேதியை இரண்டு நாள் நீட்டித்தார்கள். நல்ல காரியம். ஆனால் வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "நமக்கு ராசி அவ்வளவுதான்" என்று எழுந்து போனவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு நீட்டித்த சேதி போய்ச் சேர்ந்ததா? அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை. விவரம் தெரிந்தவர் மறுபடி அழுத்திப் பார்த்திருப்பார், இரண்டாம் தடவை வேறு சர்வருக்குப் போய் வேலை முடிந்திருக்கும். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளை, பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்த பிள்ளை, தப்பு தன் மேல்தான் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கும். வெப்சைட்டின் பிழை எப்போதும் இப்படித்தான், விவரம் குறைந்தவர் தலையில் விழுகிறது. அவர்தான் புகார் சொல்லத் தெரியாதவரும்.

இதற்கு வழி என்ன? நம் ஹாஸ்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறையிலும் அவரவர் டைரியில் "குழாயில் தண்ணீர் இல்லை" என்று எழுதிக்கொண்டால் வார்டனுக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தானே ஆபீஸ் வாசலில் ஒரே புகார் நோட்டு வைத்தார்கள்? எல்லா பிளாக்கும் அதிலேதான் எழுத வேண்டும். கிழக்கு பிளாக்கில் மட்டும் ஏழு புகார் வந்தால், தண்ணீர்த் தொட்டியில் கோளாறு இல்லை, கிழக்குக் குழாயில்தான் என்று தெரிந்துவிடும். பொது லாக் சேவை என்பது அந்தப் புகார் நோட்டுதான்.

ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சிறு நிரல் உட்கார்ந்திருக்கும். எழுதப்படும் ஒவ்வொரு வரியையும் அப்போதைக்கப்போதே வெளியே இருக்கும் பொது இடத்துக்கு அனுப்பும். அங்கே அவை சேர்ந்து, நேர வரிசையாகி, தேடும்படி அட்டவணையாகும். சர்வர் எரிந்தே போனாலும் அது கடைசியாகச் சொன்னது வெளியே பத்திரமாக இருக்கும். ஒரு சர்வர் திடீரென்று மௌனமானால் அதுவும் தெரியும். நான் சொன்ன கதையில் மூன்றாவது சர்வர் மௌனமான பத்தாவது நிமிஷத்தில் மணி அடித்திருக்கும்.

2003ல் அமெரிக்காவில் ஸ்பிளங்க் என்ற நிறுவனம் இந்த வேலைக்கென்றே தொடங்கியது. 2024ல் சிஸ்கோ நிறுவனம் அதை ஏறக்குறைய 2,800 கோடி டாலருக்கு வாங்கியது. நோட்டுப் புத்தகம் வைத்திருந்ததற்கு அவ்வளவு பணமா என்று கேட்பீர்கள். அவ்வளவு தேவை இருக்கிறது. 2010ல் ஷாய் பானன் வெளியிட்ட எலாஸ்டிக்சர்ச், ஜோர்டன் சிசெல் எழுதிய லாக்ஸ்டாஷ், ரஷீத் கான் எழுதிய கிபானா ஆகிய மூன்றும் சேர்ந்து, அதையே சொந்தமாக அமைத்துக்கொள்ள வழி செய்தன. நம் சென்னையிலிருந்து வளர்ந்த ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவும் லாக் சேகரித்து ஆராயும் மென்பொருளை விற்கிறது.

இதிலே ஒரு நுணுக்கம். ஒரு விண்ணப்பம் பல கம்ப்யூட்டர்களைத் தாண்டிப் போகிறது. பணம் கட்டும் இடம், போட்டோ சேமிக்கும் இடம், ரசீது அனுப்பும் இடம் என்று. எந்த வரி எந்த விண்ணப்பத்துடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரெஜிஸ்டர் தபாலுக்கு ஒரு எண் ஒட்டுகிறார்களே, அதே வழிதான். கோரிக்கை உள்ளே நுழையும்போதே ஓர் அடையாள எண் கொடுத்து, போகிற இடத்திலெல்லாம் அந்த எண்ணோடு எழுதச் சொல்கிறார்கள். கூகுள் நிறுவனம் தன் டாப்பர் என்ற முறையை 2010ல் ஒரு கட்டுரையாக வெளியிட்ட பிறகு இது பரவலானது. 2019ல் ஓபன்டெலிமெட்ரி என்ற பொதுத் திட்டம் பிறந்து, எந்த நிறுவனத்தின் சேவையானாலும் ஒரே முறையில் அனுப்ப வழி செய்தது.

லாக் ஒரு பக்கம். பிழை கண்காணிப்பு என்பது அதற்கு அடுத்த படி. லாக்கில் எல்லாமே இருக்கும், நல்லதும் கெட்டதும். பிழை கண்காணிப்புச் சேவை பிழையை மட்டும் எடுக்கும். 2008ல் டேவிட் கிராமர் என்பவர் பைத்தான் மொழியின் ஜாங்கோவுக்காக ஒரு சிறு நிரலாக ஆரம்பித்ததுதான் இன்று சென்ட்ரி என்ற பெரிய சேவை. ரோல்பார், பக்ஸ்னாக், ஏர்பிரேக் என்று இன்னும் பல உண்டு.

இவை செய்யும் முக்கியமான வேலை இரண்டு. ஒன்று, ஒரே பிழை பத்தாயிரம் தடவை வந்தால் பத்தாயிரம் வரியாகக் கொட்டாமல், ஒரே புகாராகச் சேர்த்து, "முதலில் வந்தது இப்போது, கடைசியாக வந்தது இப்போது, இந்தப் பதிப்பு வெளியான பிறகுதான் ஆரம்பித்தது, இந்த வகைப் போன்களில் மட்டும் வருகிறது" என்று சொல்லும். இரண்டாவதுதான் எனக்குப் பெரிது. வெப்சைட்டின் பாதி வேலை இன்று நம் போனிலேயே நடக்கிறது. அங்கே ஒரு பட்டன் வேலை செய்யாவிட்டால் சர்வருக்கு எந்தச் செய்தியும் போகாது. சர்வர் லாக் சுத்தமாக இருக்கும். பக்கத்தோடு சேர்த்து அனுப்பப்படும் சிறு நிரல் ஒன்று, பயனாளரின் போனில் பிழை வந்ததும் அங்கிருந்தே பொது இடத்துக்குத் தகவல் அனுப்பிவிடும். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனவருக்காக அந்தப் பக்கமே புகார் எழுதிவிடுகிறது.

இதைக் கேட்டதும், "அப்ப ஒரு சேவையை வாங்கி மாட்டிட்டா முடிஞ்சுதா?" என்று கேட்பீர்கள். முடியவில்லை. அதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி. அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம். எட்டு சர்வர்களில் ஏழுக்குப் புது நிரல் போட்டார்கள், எட்டாவதுக்குப் போடவில்லை. காலை சந்தை திறந்ததும் அந்த எட்டாவது சர்வர், பழைய நிரல் கிளம்பி, நிற்காமல் ஆர்டர் போட ஆரம்பித்தது. ஏறக்குறைய 45 நிமிஷத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அடுத்த வருஷமே அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து தனி அடையாளத்தை இழந்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா? அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013ல் வெளியிட்ட உத்தரவில் இருக்கிறது. சந்தை திறப்பதற்கு முன்பே, காலை 8 மணி 1 நிமிஷத்திலிருந்து, அந்த அமைப்பு தானாகவே 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. பிழையின் பெயரையும் சொல்லியிருந்தது. ஆனால் அவை அபாய அறிவிப்பு என்று வடிவமைக்கப்பட்டவை அல்ல. வழக்கமாக அவற்றை யாரும் படிப்பதில்லை. சந்தை திறப்பது ஒன்பதரைக்கு. ஒன்றரை மணி நேரம் கையில் இருந்தது. இயந்திரம் தன் கடமையைச் செய்தது. 97 தடவை கூப்பிட்டது. "இது உன் பொறுப்பு" என்று ஒரு மனிதனுக்குச் சொல்லி வைக்காததுதான் குறை.

எல்லோருக்கும் போகிற கடிதம் யாருக்கும் போகாத கடிதம். ஆகவே பிழைச் செய்தி ஒருவர் பெயருக்குப் போக வேண்டும். அவர் லீவு என்றால் அடுத்தவர் யார் என்பதும் எழுதியிருக்க வேண்டும். அதே சமயம் ஒன்றுமில்லாததற்கெல்லாம் மணி அடிக்கக் கூடாது. "புலி வருது" கதை நமக்குத் தெரியும். ஒரு நாளைக்கு இருநூறு மணி அடித்தால், நிஜப் புலி வருகிற அன்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால், எழுதக் கூடாததும் அங்கே போய்ச் சேரும். 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம், தன் பயனாளர் 33 கோடிப் பேரையும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது. திருட்டு நடந்ததாகத் தெரியவில்லை. பாஸ்வேர்டுகள் மறைக்கப்படும் முன்பே ஓர் உள் லாக்கில் அப்படியே பதிவாகியிருந்தன. 2019 மார்ச்சில் பேஸ்புக்கும் இதே மாதிரி ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தது. 2021 டிசம்பரில் இன்னும் மோசம். ஜாவா மொழியில் லாக் எழுதப் பயன்படும் லாக்4ஜே என்ற நிரலிலேயே ஓட்டை. யாரோ ஒருவர் பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட வரியைத் தட்டினால் போதும், அதை லாக்கில் எழுதப் போன சர்வர், எங்கிருந்தோ அந்நிய நிரலைக் கொண்டுவந்து ஓட்டிவிடும். தீவிரம் 10க்கு 10 என்று மதிப்பிட்டார்கள்.

ஆகவே பாஸ்வேர்டு, ஓ.டி.பி., ஆதார் எண், கார்டு எண் எதுவும் லாக்கில் போகக் கூடாது. அனுப்பும் முன்பே அழித்துவிட வேண்டும். வெளிச் சேவை என்றால் நம் வீட்டு நோட்டை அடுத்தவர் வீட்டில் வைப்பது போல. எந்த நாட்டில் வைக்கிறார்கள், எத்தனை நாள் வைக்கிறார்கள், யார் படிக்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28ல் போட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பட்டியலிட்ட சம்பவம் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். கடிகாரங்களும் அரசு குறித்த நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். கடிகாரம் ஏன் என்றால், ஐந்து சர்வர்கள் ஐந்து நேரம் காட்டினால் எது முதலில் நடந்தது என்று எந்த நோட்டும் சொல்லாது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. கடைசி வருஷ ப்ராஜெக்டில் எல்லோரும் வெப்சைட் செய்கிறீர்கள். டெமோ அன்று நன்றாகவே ஓடுகிறது. அதில் மூன்று காரியம் சேர்த்துப் பாருங்கள். லாக்கை அந்த மெஷினுக்கு வெளியே அனுப்புங்கள். பக்கத்தில் பிழை வந்தால் தானே சொல்லும்படி செய்யுங்கள். சிறு உபயோகத்துக்குக் காசு வாங்காத திட்டம் சில சேவைகளில் உண்டு. மூன்றாவதாக, பிழை வந்தால் உங்கள் குழுவில் யார் பார்ப்பார் என்று ஒரு பெயரை எழுதி வையுங்கள். இன்டர்வியூவில் நான் உட்கார்ந்திருந்தால், என்னென்ன மொழி தெரியும் என்று கேட்க மாட்டேன். "உன் ப்ராஜெக்ட் நேத்து ராத்திரி எத்தனை தடவை தப்பு பண்ணிச்சு, சொல்லு பார்ப்போம்" என்றுதான் கேட்பேன்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. இந்தக் கூட்டத்துக்குப் பெயர் பதிய நம் சங்க வெப்சைட்டில்தான் ஏற்பாடு. பதிந்தவர் எத்தனை பேர் என்று செயலாளர் சொன்னார். பதிய முயன்று முடியாமல் போனவர் எத்தனை பேர் என்று கேட்டேன். "அது எப்படிங்க தெரியும்?" என்றார். நியாயமான பதில்தான். அறுபதைத் தாண்டிய நண்பர்கள், சின்ன எழுத்துப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள், பழைய போன் வைத்திருப்பவர்கள் பலர் நம்மிடம் இருக்கிறார்கள். இன்று காலியாக இருக்கும் நாற்காலிகளில் சில அவர்களுடையதாக இருக்கலாம். கம்ப்யூட்டர் துறை மாணவர்கள் இரண்டு பேர் பொறுப்பெடுத்து, அந்தப் பக்கத்தில் பிழை கண்காணிப்பைப் பொருத்தி, வாரம் ஒரு முறை படித்து, நின்றுபோன இடத்தைச் சரிசெய்தால் போதும். அதற்கு ஆகிற செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்ளும். உடன் படித்தவர்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.